மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில்

மார்ச் 16

பாப்பாவுக்கு அக்கா எழுதுவது.

நாற்பத்தொரு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறேனே என்று மற்ற நாளாக இருந்தால் எனக்கே சிரிப்பு வரும். வேறு பெயர் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் எழுதினேன். பாசம் பொங்கி எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே.

நம் வாலு போய் இன்றோடு ஐந்து வாரம். ‘நம்’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் பார்த்தேன், காகிதம் கிழிந்துவிடும்போல் இருந்தது. என் வாலு. நான் பெற்ற பெண்.

நேற்று அவளுடைய புத்தகப் பையைத் துவைத்துப் போடலாம் என்று எடுத்தேன். ஏழு மாதமும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பை. உள்ளே கட்டம் போட்ட நோட்டு ஒன்று. முன்பக்கம் பள்ளிக்கூடக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் உங்கள் பிரார்த்தனை மண்டபத்துப் பாட்டு. பதினொரு பாட்டு எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் கீழே அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு. பரீட்சைத் தாளில்கூட அவள் இப்படிக் கோடு போட்டவள் இல்லை.

நான் சொல்லிக்கொடுத்ததும் எங்கேயாவது இருக்கும் என்று தேடினேன். நாலு வயதில் குளிப்பாட்டி, ஈரத்தலையோடு என் அலமாரிச் சாமி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தது. நாலே நாலு வரி. விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்தையும் பிரித்துப் பார்த்தேன். இல்லை.

வயிறு எரிந்தது, பாப்பா. மறைப்பானேன். பெற்றது நான், வளர்த்தது நான், காய்ச்சல் வந்தால் முதுகு தடவியது நான். ஏழு மாதம் மத்தியான வேளையில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு நீ அவளைத் தூக்கிக்கொண்டு போய் உன் சாமி மடியில் வைத்துவிட்டாய்.

நான் ஏன் உட்காரவில்லை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. லீவு எல்லாம் தீர்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரி லாண்டரியில் நான் வேலை செய்வதால்தான் அவளுக்கு அந்தக் கட்டில். வேலையை விட்டால் கட்டிலும் போகும். நாலு மாடிக்குக் கீழே ஊரார் பெட்ஷீட்டையெல்லாம் உருளை மெஷினில் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஈரக்கையோடு படியேறி ஓடிவருவேன். அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். நீ வராந்தாவில் நின்றாய். “இப்பதான் அக்கா. இப்பதான் போனா” என்றாய்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கடைசியில் அவள் யாரைக் கூப்பிட்டாள்? உன் சாமியையா, என் சாமியையா? நீதான் பக்கத்தில் இருந்தாய். பொய் சொல்லாமல் எழுது.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் பத்து வரி வரைக்கும் என்னைத் திட்டுவதற்காவது நினைத்தாயே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு திட்டு நிஜமாகவே பலமாக இருந்தது.

நான் இங்கே பெரிய மண்டபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு அறையில் இருக்கிறேன். துணிக்கடையில் வேலை. பேன்ட் வாங்குகிறவர்களுக்கு நீளம் குறைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். ஆண்கள் எல்லோரும் தங்களை ஒரு விரற்கடை உயரமாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா, அவள் அமைதியாகப் போனாள். இதை நான் அன்றைக்கே சொல்ல வந்தேன். நீ விடவில்லை. மண்டபத்திலிருந்து வந்த அத்தனை பேர் முன்னாலும் “பாட்டை எடுத்துக்கிட்டு வெளிய போங்கடி” என்று சொன்னாய். நான் உன் கூடப்பிறந்தவள். அழுக்குத் துணியை மூட்டை கட்டி வெளியே வைப்பதுபோல் என் பெட்டியை வாசலில் வைத்தாய். அத்தான் ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் சும்மா பாடிவிட்டுப் போனவர்கள் இல்லை. அவளுக்காகப் பிரார்த்தனைச் சங்கிலி நடத்தினோம். நாற்பது நாள், ராத்திரி பகல் எந்நேரமும், ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் தன் வீட்டில் ஆரம்பிப்பார். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, கண் திறக்கக் கூடாது. ஒரு ஆளின் மணியில் அறுந்தால்கூட நாற்பது நாளும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னுடையது மூன்றிலிருந்து நான்கு. அவள் கட்டில் பக்கத்திலேயே செய்தேன். நாற்பதாம் நாள் கடைசி மணியும் என்னுடையதுதான். ஒரு நிமிடம்கூட அறுபடவில்லை அக்கா. அவள் பிழைக்கவில்லை என்றாலும் அது வீண் போகாது, அவளுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று இங்கே மண்டபத்தை நடத்துகிற பெரியக்கா சொன்னார்.

யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்டிருக்கிறாய். முகம் தெளிவாக இருந்தது. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள். அந்த நோட்டை மட்டும் எரித்துவிடாதே.

உன் தங்கை


ஏப்ரல் 5

பாப்பா,

நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. முகம் தெளிவாக இருந்ததை நானும் பார்த்தேன். முகத்தைக் கழுவித் துடைத்தவளே நான்தான். வாயைத் திறந்து என்ன சொன்னாள் என்றுதான் கேட்டேன்.

போகட்டும். நான் ஒரு காரியம் செய்தேன். கேட்டால் குதிப்பாய். இங்கே எண்ணெய்க் கடைக்கு மேல்மாடியில் உங்கள் மண்டபத்தின் கிளை இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டேன். நம்பிப் போகவில்லை. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தது எது என்று கண்ணால் பார்க்கப் போனேன். ஒருத்தி புருஷனை மயக்கிவிட்டாள் என்றால் அவள் மூக்கு முழி எப்படி என்று போய்ப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. பாட்டு ஆரம்பித்தார்கள். அவள் நோட்டில் ஏழாவதாக இருக்கிற பாட்டு. அவள் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருப்பேன், செருப்பு எந்த மூலையில் போயிற்று என்று தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பொம்பளை தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், இவளுக்கும் யாரோ போயிருக்கிறார்கள் என்று கையைப் பிடித்து, “என்னம்மா கஷ்டம்?” என்று கேட்டேன். “கஷ்டம் ஒண்ணும் இல்லக்கா. உள்ள அவரு வந்துட்டாரு, சந்தோஷத்துல அழுகுறேன்” என்றாள். எனக்கு அவளை நறுக்கென்று கிள்ள வேண்டும்போல் இருந்தது. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், மூன்றும் குத்துக்கல் மாதிரி முழுசாக இருக்கின்றன. அவளுக்குள்ளே போய் வருகிறவருக்கு எனக்குள்ளே வர வழி தெரியவில்லை.

வீட்டில் அலமாரிச் சாமிக்கு ஒன்பது நாள் விளக்கு ஏற்றவில்லை. பட்டினி போடுவோம், என்ன செய்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். பத்தாம் நாள் ஏற்றிவிட்டேன். பக்தி எல்லாம் இல்லை. ஏற்றாமல் விட்டால் உன் பக்கம் ஜெயித்தது மாதிரி ஆகிவிடும். திரியைத் தூண்டிவிட்டு அவரிடமே சொன்னேன், “உன்ன நம்பி ஏத்தல, அவளுக்குத் தோத்துப்போகக் கூடாதுன்னு ஏத்துறேன்” என்று. விளக்கு எப்போதும்போல் எரிந்தது.

உன் அத்தானைச் சொல்ல வேண்டுமே. அவருக்குத்தான் எந்தச் சாமியும் கிடையாதே. “கடவுள்னு ஒருத்தன் இருந்து உடம்புக்கு ஒயரிங் பண்ணியிருந்தா, லைசென்ஸைப் புடுங்கணும்” என்று முன்பு சொல்வார். இப்போது அதுவும் சொல்வதில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், படுத்தால் தூங்குகிறார். அவர் மேலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். சண்டை போட அவருக்கு மேலே ஒரு ஆள் இல்லை. நிம்மதி. எனக்கு ஒருவர் இருக்கிறார், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். உனக்கு இருக்கிறவர் ஓயாமல் பேசுகிறார்போல.

உன்னிடம் பேசுகிறார் இல்லையா? அவரிடமாவது கேட்டு எழுது, என் பிள்ளை கடைசியாக என்ன சொன்னாள் என்று.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்கா,

நீ மண்டபத்துக்குப் போனதைப் படித்துவிட்டுக் கடையில் ஒருவர் பேன்ட்டை இரண்டு கால்களுக்கும் இரண்டு நீளமாக வெட்டிவிட்டேன். கிள்ள நினைத்ததைப் பெரியக்காவிடம் சொல்லவில்லை. போனதை மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட்டார். இன்னும் இரண்டு மூன்று வாரம் போய்ப் பார். முதல் நாளே யாருக்கும் எதுவும் நடக்காது. எனக்கும் நடக்கவில்லை. என் புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம் முழுக்க நான் அந்தக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று எழுதியிருந்தாய். உனக்கு அவள் பதினேழு வருஷம். எனக்கு ஏழு மாதம், அதிலும் மத்தியானம் மட்டும். நீ நாலு மணிக்கு வந்ததும் அவள் முகம் கதவுப் பக்கம் திரும்பிவிடும். அதுவரை என்னோடு சிரித்துக்கொண்டிருப்பாள். நீ வந்ததும் நான் தண்ணீர் பிடிக்க ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு நாளாவது, ‘சித்தி, நீயும் இரு’ என்று சொல்வாள் என்று பார்ப்பேன். பிள்ளை பெறாதவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் என்னவென்று உனக்குத் தெரியாது. அந்தக் கொஞ்சத்திலும் நீ இப்போது பங்கு கேட்கிறாய்.

இப்போது வேறொருவருக்காக நடக்கிற சங்கிலியில் நான் மூன்றிலிருந்து நான்கு எடுப்பதில்லை. காலை ஆறு மணி கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியானத்தில் கடையில் கூட்டம்.

உன் தங்கை


ஏப்ரல் 30

உனக்கு,

நேற்று நாலாவது மாடி நர்ஸ் பெட்ஷீட் வாங்கக் கீழே வந்தாள். சுருட்டை முடி, சத்தமாகப் பேசுவாளே, அவள்தான். எண்ணி எண்ணி மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளாகப் பேச்சை எடுத்தாள்.

“உங்க பொண்ணு நெனப்பு வந்துட்டே இருக்குக்கா. அன்னைக்கு மூணு மணிக்குக் காய்ச்சல் பாக்க வந்தேன். உங்க தங்கச்சி கதவுலயே நின்னு, ‘தூங்குறா, நாலு மணிக்கு மேல வாங்க’ன்னுட்டாங்க. கடைசியா ஒருதரம் பாத்திருக்கலாம்.”

நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

மூன்று மணிக்கு வாலு தூங்கினதாகச் சரித்திரமே இல்லை. ரெண்டு மணி ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண் அசருவாள், மூன்றுக்கு விழித்துவிடுவாள். ஏழு மாதமும் அப்படித்தான், அந்த வார்டுக்கே தெரியும். டாக்டர் கையை விரித்து நாலு நாள் ஆகியிருந்தது. எந்நேரமும் நடக்கலாம், பக்கத்திலேயே இருங்கள் என்று நம் ரெண்டு பேரையும் நிற்க வைத்துத்தான் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் போன் மாட்டியிருக்கிறது. எடுத்து ‘லாண்டரி’ என்று சொன்னால் போதும், கீழே என் காதுக்குப் பின்னால் மணியடிக்கும். மெஷின் ஓடும்போது எடுக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் கத்துவார். நான் எடுத்திருப்பேன். மூன்று நிமிஷம், நாலு மாடி. எத்தனை தடவை உன்னிடம் சொன்னேன், ஏதாவது என்றால் அதை எடு, அதை எடு என்று.

‘இப்பதான் போனா’ என்று சொன்னாயே. இப்பதான் என்றால் எப்போது?

மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் அந்த அறைக்குள் என்ன நடந்தது? உன் சாமி, என் சாமி, நல்ல இடம், தெளிந்த முகம், எதுவும் எழுதாதே. நடந்ததை எழுது. எழுதாவிட்டால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி பிறக்கவே இல்லை.


மே 7

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதுகிறேன். கொஞ்சம் நாள் கொடு. பிறக்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதே.


மே 15

அக்கா,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சங்கிலியின் நாற்பதாம் நாள். கடைசி மணி என்னுடையது. பெரியக்கா காலையில் போன் செய்து, “உன் கையிலதான் இருக்கு, முடிச்சிரு” என்று சொன்னார். நாலு மணி அடிக்கும்போது அவள் எழுந்து உட்காருவாள் என்று நான் நம்பினேன். நிஜமாக நம்பினேன். எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று சொல்வாள், நீ ஈரக்கையோடு உள்ளே வருவாய், உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்பே அவள் விழித்துவிட்டாள். நர்ஸ் வந்தாள். பேச்சுக் கொடுத்தால் என் நேரம் தவறிவிடும் என்று, தூங்குகிறாள் என்று பொய் சொல்லி அனுப்பினேன். கதவைத் தாழ் போட்டேன். தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பிரார்த்தனையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள், “சித்தி, நீ மூச்சே விடாமப் பேசுனா அவரு எப்பப் பதில் சொல்லுவாரு? கொஞ்சம் அவருக்கும் சான்ஸ் குடு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கண் திறக்கவில்லை.

பிறகு, “அம்மாவைக் கூப்பிடு சித்தி” என்றாள்.

சங்கிலியில் இருக்கும்போது வேறு பேச்சுப் பேசக் கூடாது. நான் அவள் கையை அழுத்தினேன். பொறு என்பதுபோல. நாலு மணிக்கு நீ வரத்தானே போகிறாய் என்று நினைத்தேன்.

மறுபடி, “அம்மாவைக் கூப்பிடேன்” என்றாள். குரல் சின்னதாக இருந்தது. நான் அதற்கும் மேல் சத்தமாகச் சொன்னேன். அவள் குரல் என் காதில் விழாமல் இருக்கச் சொன்னேன், அக்கா. எழுதிவிட்டேன்.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

வராந்தாக் கடிகாரம் நாலு அடித்தபோதுதான் கண் திறந்தேன். அதற்குள் போயிருந்தாள். எப்போது என்று எனக்குத் தெரியாது. கை சூடாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கையின் சூடு. அவள் போனதை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அந்த அறையில் மூன்று மணியிலிருந்து கண் திறந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் என் சாமியைக் கூப்பிடவில்லை. உன் சாமியையும் கூப்பிடவில்லை. நீ கேட்டதற்கு அதுதான் பதில்.

இன்னும் ஒன்று பாக்கி. விதி இப்படி, சங்கிலி இப்படி என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்கலாம். இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் தேற்றுகிறார்கள். ஆனால் அவள் முதல் தடவை ‘அம்மாவைக் கூப்பிடு’ என்றபோது எனக்குப் பக்கென்று ஒரு கோபம் வந்தது. நான் இங்கே முழங்கால் தேய அவளுக்காக மன்றாடிக்கொண்டிருக்கிறேன், அப்போதும் உன்னைத்தான் கேட்கிறாள். இன்றைக்கு ஒரு நாள் என் சாமி அவளை எழுப்பட்டும், எழுந்ததும் அவள் முதலில் பார்க்கிற முகம் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் எழுந்திருக்கவில்லை. சங்கிலிக்காகவும்தான். எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

பெரியக்காவிடம் இதைச் சொல்லிவிட்டேன். “உன் விசுவாசத்தை அவர் பார்த்தார்” என்றார். அதைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மண்டபத்துக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்கு விழிப்பு வருகிறது. கண்ணை மூடினால் அவள் குரல்தான் வருகிறது. மூட முடியவில்லை.

இனி நீ என்ன சொன்னாலும் சரி.


மே 28

பாப்பா,

உன் கடிதத்தை லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு, “நாலு மணிக்கு நீ போவேன்னு அவளுக்குத் தெரியும்ல. ஒரு மணி நேரம்தானேன்னு நெனச்சிருப்பா” என்றார். உனக்குப் பரிந்து பேசுகிறார். கையில் இருந்த டம்ளரை எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரில். அவர் எழுந்து அதை எடுத்து, நெளிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அப்புறம் பார்த்தால் அவர் தோள் குலுங்குகிறது. பெண்ணைப் பறிகொடுத்த அன்றைக்கும் அழாத ஆள். தூங்குகிறார் தூங்குகிறார் என்று அவர் மேல் பொறாமைப்பட்டேனே, அதற்கு என்னை எதால் அடிப்பது?

பத்து நாளாக உன்னைத் திட்டாத திட்டு இல்லை. எழுதினால் காகிதம் தாங்காது, அதனால் வாயாலேயே திட்டினேன். உருளை மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நாலு மணி வரைக்கும் திட்டுவேன், நாலு மணிக்கு நிறுத்திவிடுவேன். அப்போது படியேற வேண்டும்போல் கால் பரபரக்கும். எங்கே ஏறுவது?

நான் கேட்டது கிடைத்துவிட்டது. உன் சாமியை இல்லை, என் சாமியை இல்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். இதைத் தெரிந்துகொள்ளத்தானே மூன்று மாதமாகத் துடித்தேன். படித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, பாப்பா. பொய் சொல்ல மாட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அப்புறம் உறைத்தது. கூப்பிட்டிருக்கிறாள், ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், நான் வரவில்லை.

அலமாரிச் சாமி முன்னால் போய் உட்கார்ந்தேன். எத்தனை நாள் அவரிடம் கேட்டிருக்கிறேன், கூப்பிட்டேனே ஏன் வரவில்லை, காது செவிடா, கல் நெஞ்சா என்று. அன்றைக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. வாலுவும் படுக்கையில் கிடந்து என்னைப் பற்றி அதைத்தானே நினைத்திருப்பாள்? அம்மா ஏன் வரவில்லை? எனக்கென்ன, மனசில்லாமலா? எனக்கு யாரும் சொல்லவில்லை. கீழே நின்று யார் யாரோ படுத்த பெட்ஷீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நாலு மாடி, ஒரு தாழ்ப்பாள். சொல்லியிருந்தால் பறந்து வந்திருப்பேன்.

அவருக்கும் அப்படி இருக்குமோ என்று தோன்றியது. அவரும் எங்கேயோ கீழே வேலையாக நிற்கிறாரோ, நடுவில் நாம் எல்லோரும் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு, நீ ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு, நான் ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டு, அவருக்குச் சங்கதி போகாமலே இருக்கிறதோ. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஐந்தாவது வகுப்புப் படித்தவள் எனக்கு என்ன தெரியும். உன் அத்தானிடம் சொன்னேன். “அப்படின்னா அந்த ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம்” என்றார். கடவுளை அவர் ‘ஆள்’ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

உன்னை மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. வராததை எழுத மாட்டேன். நீ தாழ்ப்பாளைப் போட்டாய். அது போட்டதுதான்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் எனக்கு உன்மேல் வயிறு எரிகிறது. சாமிக்கும் கொஞ்சம் சான்ஸ் கொடு என்று போகிற உயிரை வைத்துக்கொண்டு கேலி பேசியிருக்கிறாளே, அந்தப் பேச்சு உன் காதில் விழுந்தது. என் காதில் விழவில்லை. நான் வரும்போதெல்லாம் அவள் களைத்துப் போயிருப்பாள். “அம்மா, கால் பிடிச்சு விடு” என்பாள், பிடிப்பேன், தூங்கிவிடுவாள். சிரித்தது, கேலி செய்தது, கதை அளந்தது எல்லாம் மத்தியானம் உன்னிடம். ஏழு மாதம் என் பிள்ளை பேசிய பேச்சு முழுக்க உன்னிடம்தான் இருக்கிறது. அதை நீ அங்கே ஒரு அறையில் வைத்துக்கொண்டு பேன்ட் வெட்டிக்கொண்டிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வா. எனக்கு வேலை இல்லாத நாள். பாட்டு வேண்டாம், பெரியக்கா வேண்டாம், சமாதானம் சொல்ல வேண்டாம். நான் திட்டுவேன், கேட்டுக்கொண்டு உட்கார். திட்டி முடித்ததும் முதல் நாளிலிருந்து ஆரம்பித்து அவள் உன்னிடம் பேசியதையெல்லாம் சொல்ல வேண்டும். என்னைப் பற்றிக் குறை சொல்லியிருந்தால் அதையும் சொல். எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி.

கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதே. என்னைப் பார்த்துச் சொல்.

அக்கா